கல்லூரியின் விலை என்ன?

கல்வி விலைமதிப்பற்றது என்று மேடைதோறும் கேட்கிறோம். அஃது உண்மையே. ஆனால் கல்லூரிக்கு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு, அதில் எவ்வளவு அரசும் பிறரும் தருவர், எஞ்சியது எவ்வளவு நம் வீட்டிலிருந்து போக வேண்டும் என்று உட்கார்ந்து கணக்கிடும் வழக்கம் நம்மிடையே மிகவும் குறைவு. உழவுமாடு வாங்கச் சந்தைக்குப் போனால் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்து, அதன் பிறகே துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார்கள் நம் பெற்றோர். அதே பெற்றோர் மகளையோ மகனையோ கல்லூரியில் சேர்க்கும்போது, சொன்ன தொகையைச் சொன்ன இடத்தில் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். ‘படிப்புக்குப் பேரம் பேசலாமா?’ என்பது அவர்களுடைய கூச்சம். இங்கே வேண்டுவது பேரம் அன்று, கணக்கு.

‘நாம்தாம் கல்லூரியில் சேர்ந்துவிட்டோமே, இனி இக்கட்டுரை எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அன்று மாலையே பக்கத்து வீட்டு அக்காவும் தெருக்கோடிச் சித்தப்பாவும் மதிப்பெண் பட்டியலோடு நம்மிடந்தான் வருகிறார்கள். நாம் சொல்லும் ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது, அல்லது வைக்காமல் தப்பிக்கிறது. ஆகவே இதனை அறிந்திருப்பது நம் கடமை ஆகிறது.

எண்ணாயிரம் சொல்லும் செய்தி

மாணவர்க்குப் பொருளுதவி செய்வது நம் மண்ணுக்குப் புதியதன்று. பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதுமான எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவ்வூரில் 14 ஆசிரியர்களிடம் 340 மாணவர்கள் பயின்றதை அது கூறுகிறது. தொடக்க நிலை மாணவர் 270 பேருக்குத் தலைக்கு நாள்தோறும் 6 நாழி நெல். மேல்நிலை மாணவர் 70 பேருக்குத் தலைக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி நெல். இதற்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இக்கல்வெட்டிலிருந்து நாம் இரண்டு உண்மைகளை அறியலாம். முதலாவது, அக்காலத்தார் தந்த உதவி நாள்தோறும் மாணவன் உண்ணும் சோற்றுக்கானது. படிக்கின்ற காலத்தில் உயிர் வாழ்வதற்கு ஆகும் செலவே கல்வியின் பெருஞ்செலவு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இரண்டாவது, அவ்வுதவி எல்லார்க்கும் உரியதாக இல்லை. அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமுமே. அவற்றைக் கற்க உரிமை பெற்றவர்க்கே நெல் கிடைத்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. உரிமை விரிந்திருக்கிறது. ஆயினும் எந்த உதவியும் ஏதோ ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது என்பதில் மாற்றமில்லை. அந்த நிபந்தனையை அறியாதவன் தகுதியிருந்தும் உதவியை இழக்கிறான்.

பீங்கான் கணக்கு

நம் விருத்தாசலம் பீங்கான் நகரம். ஒரு கோப்பையின் அடக்க விலையை இவ்வூர்த் தொழிலாளியிடம் கேட்டால், களிமண்ணின் விலையை மட்டும் சொல்லமாட்டார். சூளைக்கு எரிபொருள் எவ்வளவு, பச்சைப் பாண்டம் உலர எத்தனை நாள், வேக்காட்டில் விரிசல் விட்டுப் போகும் சேதாரம் எவ்வளவு என எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார். கல்லூரிச் செலவையும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

களிமண்ணைப் போன்றது கல்லூரி கேட்கும் கட்டணம். கல்விக் கட்டணம், தனிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் கல்லூரிகளின் உதவி பெறும் பிரிவுகளிலும் இளங்கலைப் படிப்புக்கான கல்விக் கட்டணம் 2007-08ஆம் கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. மற்றக் கட்டணங்கள் மட்டுமே உண்டு. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. உதவி பெறும் கல்லூரி ஒன்றிலேயே சுயநிதிப் பிரிவும் இருப்பதுண்டு. ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம், ஒரே பல்கலைக்கழகப் பட்டம். கட்டணம் மட்டும் வேறு. ‘எந்தக் கல்லூரி?’ என்று கேட்பதோடு நில்லாமல் ‘எந்தப் பிரிவு?’ என்றும் கேட்க வேண்டும்.

எரிபொருளைப் போன்றது அன்றாடச் செலவு. பேருந்து, உணவு, விடுதி, புத்தகம், ஆய்வக ஏடு, உடை இவையெல்லாம் நாள்தோறும் எரிந்துகொண்டே இருப்பவை. பெண்ணாடத்திலிருந்தோ மங்கலம்பேட்டையிலிருந்தோ நாள்தோறும் வந்து போகும் ஒருவருக்குப் போக்குவரத்துக்கும் ஒரு வேளை உணவுக்குமாக 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 வேலை நாள்களுக்கு 10,800 ரூபாய் ஆகிவிடும். அரசுக் கல்லூரியின் கட்டண ரசீதை விட இது பெரிய தொகை. இதனை ஒரே நாளில் கட்டுவதில்லை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

உலரும் நாள்களைப் போன்றவை நாம் செலவிடும் ஆண்டுகள். மூன்றாண்டுப் பட்டமா, நான்காண்டுப் பொறியியலா என்பதில் ஓராண்டுக் கூலியும் அடங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்போடு பட்டயப் படிப்பில் சேர்வதும் ஒரு வழி. நம் ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. பட்டயம் முடித்ததும் வேலைக்குப் போகலாம். விரும்பினால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். நடுவில் நின்று சம்பாதிக்க ஒரு படி இருக்கும் வழி, ஏழை மாணவனுக்கு மிகவும் பாதுகாப்பானது.

சேதாரம் என்பது பாதியில் நின்ற படிப்பு. இரண்டாண்டு கட்டிய பணமும் போய், பட்டமும் இல்லாமல் வீடு திரும்புவதைப் போன்ற நட்டம் வேறில்லை. எனவே முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் திரட்டிக்கொண்டு சேர்வது, ஒரு நாள் விறகை வைத்துக்கொண்டு சூளை மூட்டுவதற்கு ஒப்பாகும்.

உதவியின் வகைகள்

செலவைக் கூட்டிய பின், வரவைப் பார்ப்போம். இன்று மாணவர்க்குக் கிடைக்கும் உதவிகளை நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, கட்டணமே இல்லாமற் போவது. மேலே கூறிய கல்விக் கட்டண விலக்கு இவ்வகையினது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு முன்னுரிமை இடங்கள் உள்ளன. மருத்துவத்துக்கு 2020ஆம் ஆண்டிலும், பொறியியல் உள்ளிட்ட பிற படிப்புகளுக்கு 2021ஆம் ஆண்டிலும் இதற்குச் சட்டம் வந்தது. இவ்விடங்களில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என 2021இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டு, கட்டணத்தில் கழிவு. 2010ஆம் ஆண்டில் வந்த முதல் பட்டதாரிச் சலுகை இத்தகையது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராத நிலையில், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இது ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. அண்ணனோ அக்காளோ முன்னரே பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு இச்சலுகை இல்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யார் எந்தப் படிப்புக்குப் போவது என்று முடிவு செய்யும்போது இதனையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

மூன்று, கையில் வரும் பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 5-9-2022 அன்றும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 9-8-2024 அன்றும் தொடங்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களும் இவற்றில் அடங்குவர். ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது பெருந்தொகையாகத் தோன்றாது. ஆனால் நாம் மேலே போட்ட 10,800 ரூபாய்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணாயிரத்து நெல்லின் வேலையை இன்று இப்பணம் செய்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களைச் சேர்ந்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. சுயநிதிக் கல்லூரிகளில் அவர்கள் கட்ட வேண்டிய கட்டணத்தை ஏற்கும் அரசாணை 2012இல் வந்தது. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. இத்தொகைகள் பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பகுதியிலேயே வங்கிக் கணக்கை வந்தடைகின்றன. வரும் என்பது வேறு, கட்ட வேண்டிய நாளில் வரும் என்பது வேறு. இடைப்பட்ட மாதங்களுக்கு என்ன செய்வது என்பதையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, கல்விக் கடன். இதனை உதவி என்று அழைப்பதே தவறு. உதவி திரும்பக் கேட்காது; கடன் கேட்கும். இதைப் பற்றித் தனியே காண்போம்.

ஒரே பெஞ்சு, மூன்று விலை

மேற்கண்டவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2017ஆம் ஆண்டில் கட்டண நிர்ணயக் குழு, தர அங்கீகாரம் பெறாத சுயநிதிப் பொறியியல் பாடப்பிரிவுகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு 85,000 ரூபாயும் என வரையறுத்தது. கணக்குக்கு அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். சேர்பவர்கள் தாம் சேரும் ஆண்டின் ஆணையைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் மூன்று மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மூவரும் அரசுப் பள்ளியில் பயின்றவர்கள், மூவரும் தத்தம் வீட்டில் முதல் பட்டதாரிகள். முதலாமவர் 7.5 விழுக்காட்டு முன்னுரிமையில் வந்தவர். அவருக்கு நான்காண்டுக் கல்விக் கட்டணம் சுழியம். இரண்டாமவர் பொதுக் கலந்தாய்வில் வந்து முதல் பட்டதாரிச் சலுகை பெற்றவர். ஆண்டுக்கு 25,000 வீதம் நான்காண்டுக்கு 1,00,000 ரூபாய். மூன்றாமவர் கலந்தாய்வுக்குக் காத்திராமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர். நான்காண்டுக்கு 3,40,000 ரூபாய். மூவர்க்கும் ஆசிரியர் ஒருவரே, கரும்பலகை ஒன்றே, பட்டம் ஒன்றே. வேறுபாடு அவர்கள் நுழைந்த வாசலில் மட்டுமே இருக்கிறது.

மூன்றாமவர் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர் என்று கூற முடியாது. அவசரப்பட்டார், அவ்வளவுதான். அந்த அவசரம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மே மாதத்து அவசரம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. பொறியியல் கலந்தாய்வோ பொதுவாக ஜூலை முதல் செப்டம்பர் வரையில் நடைபெறுகிறது. இந்த இடைவெளியில்தான் வீடு தேடி ஆள் வருகிறார்கள். தொலைபேசி அடிக்கிறது. ‘இடம் தீர்ந்துபோகும்’, ‘இன்று அட்வான்ஸ் கட்டினால் பஸ் கட்டணம் தள்ளுபடி’, ‘உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை தருகிறோம்’ என்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பெற்றோர்க்கு இச்சொற்கள் ஆறுதலாக இருக்கின்றன. முன்பணத்தைக் கட்டி, மூலச் சான்றிதழ்களையும் கொடுத்துவிடுகிறார்கள். அன்றே முதல் இரண்டு வாசல்களும் மூடிக்கொண்டன என்று கருதி, கலந்தாய்வையே மறந்தும்விடுகிறார்கள்.

உண்மையில் அவை மூடப்படவில்லை. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. விலகும் மாணவர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் அளவையும் அது வகுத்தது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத்தொகையும் (சிறு செயலாக்கக் கட்டணம் மட்டும் கழித்து), 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடும், கடைசி நாள் கடந்து 15 நாள் வரை 80 விழுக்காடும், அதற்குப் பின் 30 நாள் வரை 50 விழுக்காடும் திரும்ப வேண்டும். 30 நாள் கடந்தால் ஒன்றும் இல்லை. எனவே பணம் கட்டியவர்களும் ரசீதையும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டால் வழி இருக்கிறது.

‘உதவித்தொகை தருகிறோம்’ என்பாரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முதலாண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுகளுக்குமா? அதனை எழுத்தில் தருவீர்களா? வாய்ச்சொல்லாக வந்த சலுகை இரண்டாம் ஆண்டில் நினைவிலிருந்து மறைந்துவிடக்கூடும்.

கடனின் கணக்கு

கல்விக் கடன் வாங்குவது இழுக்கன்று. ஆனால் வாங்கும் நாளிலேயே அடைக்கும் நாளைப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு 75,000 வீதம் நான்காண்டில் 3 லட்சம் கடன், வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாமாண்டுத் தொகைக்கு நான்காண்டு வட்டி எனக் கூட்டினால் 1,05,000 ரூபாய் வருகிறது. ஆக, தவணை தொடங்கும்போது கடன் 4,05,000 ரூபாய். அதனைப் பத்தாண்டில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 5,350 ரூபாய் கட்ட வேண்டும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு மேற்படாதவர்கள் தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனுக்கு, இந்த இடைக்கால வட்டியை நடுவணரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. அதற்குத் தகுதி பெற்றால் கடன் 3 லட்சத்திலேயே நிற்கும். மாதத் தவணை ஏறத்தாழ 3,965 ரூபாயாகக் குறையும். படிக்கும் கல்லூரியும் பாடமும் அத்திட்டத்துக்குள் வருகின்றனவா என்பதை வங்கியில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது இதனால்தான் முக்கியமாகிறது. முதல் வேலையில் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போக இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்பதே கடன் வாங்குவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி.

பெயர்ப் பலகையை நம்பலாமா?

பெயரைக் கொண்டு விலையை ஊகித்துவிட முடியாது என்பதற்கு நம் கடலூர் மாவட்டத்திலேயே சான்று உள்ளது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு 2013இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆயினும் அதன் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் அதன் பின்னரும் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது ஆண்டுக் கட்டணம் 13,610 ரூபாய். ‘அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வேண்டும்’ என்று மாணவர்கள் 2020 டிசம்பர் முதல் தொடர்ந்து போராடினர். 2021 தொடக்கத்தில் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக்கப்பட்டது. ரசீதைப் படித்து, ஒப்பிட்டு, கேள்வி கேட்டதன் பயன் அது.

அமெரிக்க நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2011 அக்டோபர் முதல் ஒவ்வொரு கல்லூரியும் நிகரச் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் வசதியைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். குடும்ப வருமானத்தைத் தந்தால், உதவிகள் போக எவ்வளவு கட்ட நேரும் என்பது தெரிந்துவிடும். அத்தகைய வசதியை எதிர்பார்த்து நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு முழுத்தாள் போதும்.

தாளின் இரு பக்கம்

தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் செலவையும் வலப்பக்கம் உதவியையும் எழுதுக. செலவை ஓராண்டுக்கு எழுதாமல் படிப்பு முடியும் வரைக்கும் எழுதுக. ஒவ்வோர் உதவியின் எதிரிலும் மூன்று குறிப்புகள் வேண்டும்: எந்தச் சான்றிதழ் தேவை, எந்த மாதம் வரும், எதனால் நின்றுபோகும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்குத் தேர்வு முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாருடன் அது இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று கல்லூரிகளுக்குத் தனித்தனியே எழுதிப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது விலை மிகுந்ததாகவும், எட்டாது என்று ஒதுக்கியது எட்டக்கூடியதாகவும் மாறக் காணலாம்.

குறைந்த செலவுள்ள கல்லூரியே சிறந்த கல்லூரி என்பது என் கருத்தன்று. விருப்பமில்லாத பாடத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துப் பாதியில் விடுவதும் சேதாரமே. நல்ல ஆசிரியர், நூலகம், ஆய்வகம், பாடத்தில் ஈடுபாடு ஆகியவை முதலில் வர வேண்டியவை. ஆனால் அவற்றை எடைபோடும்போது தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது கல்லூரி சொல்லும் தொகையன்று. உதவிகள் போக, நம் வீட்டிலிருந்து உண்மையாகவே போகும் தொகை.

வரும் மே மாதத்தில் மதிப்பெண் பட்டியலோடு நம் திண்ணைக்கு வரும் தம்பி தங்கையர்க்கு ‘அந்தக் கல்லூரி நல்லது, இந்தக் கல்லூரி கெட்டது’ என்று சொல்லி அனுப்பாமல், பக்கத்தில் அமர்த்தி இந்தத் தாளை எழுதவைப்போம். அரை மணி நேரந்தான் ஆகும். ஒரு வீட்டின் பத்தாண்டுக் கடன் அதில் மிஞ்சக்கூடும்.